கடுகு, கண்மாய், காரம் போர்டு: ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துவது எப்படி?

கேள்வி இதுதான்: "இந்த ஆண்டுதான் ஆசிரியராகச் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்பு. சூரியக் குடும்பம், விசை, சூழ்நிலை மண்டலம் மூன்றையும் நடத்தி முடித்துவிட்டேன். கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். பள்ளியில் ஆய்வகம் இல்லை, புரொஜெக்டர் இல்லை. நான் என்ன செய்வது?"

ஆய்வகம் இல்லையே என்று வருந்தாதீர்கள். ஒரு பம்பளிமாஸ் பழம், வீட்டு அஞ்சறைப் பெட்டி, ஓர் எலுமிச்சை, நாலு மீட்டர் சணல் கயிறு, விரிசல் இல்லாத காரம் போர்டு. இவ்வளவு போதும். புரொஜெக்டர் இல்லாதது ஒருவகையில் நல்லதுகூட. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மதுரை வட்டாரத்தில் இருபத்தாறு ஆண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். முதல் ஏழெட்டு ஆண்டு என் வகுப்பிலும் நீங்கள் சொல்வதுதான் நடந்தது. "பூமியின் வடிவம் என்ன?" என்றால் நாற்பது பேரும் ஒரே குரலில் "உருண்டை" என்பார்கள். நானும் மகிழ்ந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். ஒருநாள் உலக உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் நாம் எங்கே இருக்கிறோம், காட்டு" என்று ஒரு பையனிடம் கேட்டேன். தமிழ்நாட்டின் மேல் விரல் வைப்பான் என்று நினைத்தேன். அவன் உருண்டையைத் தட்டி, "இதுக்கு உள்ளே சார்" என்றான். "வெளியே இருந்தால் வழுக்கி விழுந்துவிடுவோமே!" வகுப்பில் பாதிப் பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் முட்டாள் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தரை தட்டை என்று கண் சொல்கிறது. பூமி உருண்டை என்று சார் சொல்கிறார். இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் தானாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான்: உருண்டைக்குள்ளே ஒரு தட்டைத் தரை, மேலே கவிழ்த்த வானம். பல ஆண்டுகள் கழித்துத்தான் ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அறுபது பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டு 1992-இல் எழுதியது கண்ணில் பட்டது. அங்கேயும் அதே உருண்டை, அதே உள்தரை. கண்டம் தாண்டினாலும் பிள்ளை பிள்ளைதான்.

அதிலிருந்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பாடமானாலும் நான் வாயைத் திறக்கும் முன்பு அவர்கள் தங்கள் ஊகத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும், அல்லது படமாக வரைய வேண்டும். ரப்பரால் அழிக்கக் கூடாது. அதன் பிறகு பார்க்கிறோம், செய்கிறோம், சண்டை போடுகிறோம். பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் பெயர் கடைசியில்தான் வரும். 'சுற்றுப்பாதை', 'உராய்வு', 'உணவுச் சங்கிலி' என்று பெயரை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டால் பிள்ளை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடும். நீங்கள் நடத்தி முடித்துவிட்டதாகச் சொல்வது ஒருவேளை இந்தப் பெயர்களை மட்டும்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

சூரியக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகப் படத்தில் எட்டுக் கோள்களும் பந்தி வைத்ததுபோல வரிசையாக, தோளோடு தோள் உரசி நிற்கும். காகிதத்தின் அகலம் அவ்வளவுதான், அச்சிட்டவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் மனத்தில் பதிவது அந்தப் படம்தான். வீடியோவில் அதே தவறு வண்ணத்தோடும் இசையோடும் சுற்றிவரும். புரொஜெக்டர் இல்லாதது நல்லது என்று சொன்னது இதனால்தான்.

ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அவ்வளவு சுளுவாக வரும். சூரியனின் விட்டம் ஏறக்குறைய 13.9 லட்சம் கி.மீ.; ஆகவே 14 செ.மீ. பம்பளிமாஸ் சரியாக இருக்கும். கிடைக்காவிட்டால் அதே அளவில் காகிதத்தைக் கசக்கி உருட்டிக்கொள்ளலாம். பூமியின் விட்டம் 12,742 கி.மீ.; நம் அளவில் ஒன்றேகால் மில்லிமீட்டர். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் கடுகு. வெள்ளியும் கடுகுதான். புதன் ரவைத் துகள், செவ்வாய் கசகசா. வியாழனுக்குக் கோலிக்குண்டு, சனிக்குச் சுண்டைக்காய், யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் மிளகு.

இப்போது ஊகம். பம்பளிமாஸை மேசை மேல் வைத்து, "கடுகை எங்கே வைக்கலாம்?" என்று கேளுங்கள். ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். துணிந்தவன் மேசையின் மறுமுனையில் வைப்பான். எல்லோரும் அவரவர் ஊகத்தை எழுதட்டும். பிறகு பழத்தைக் கொடிக்கம்பத்தடியில் வைத்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு நடங்கள்.

புதன் ஆறு மீட்டருக்குச் சற்று முன்னால். வெள்ளி பதினொன்றுக்குச் சற்று முன்னால். பூமி பதினைந்து மீட்டரில். பிள்ளை நடையில் முப்பது அடிக்குக் குறையாது. செவ்வாய் இருபத்து மூன்று மீட்டர். இதுவரை சிரிப்பும் கூச்சலுமாக இருப்பார்கள். வியாழனுக்கு 78 மீட்டர் போக வேண்டும். பல பள்ளிகளில் காம்பவுண்டுச் சுவர் முடிந்துவிடும். சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450 மீட்டர். எங்கள் பள்ளியில் நெப்டியூன் பஸ் நிறுத்தத்தையும் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் வந்தது. ஒரு மிளகைக் கையில் வைத்துக்கொண்டு, கொடிக்கம்பம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்த அந்தப் பத்து வயதுப் பெண்ணின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. "இவ்வளவு தூரம் நடுவில் ஒண்ணுமே இல்லையா சார்?" என்றாள். ஒன்றுமே இல்லை. அதுதான் பாடம்.

அங்கே நின்றபடியே இன்னும் இரண்டு சேதிகள் சொல்லலாம். பூமிக் கடுகிலிருந்து நிலா நாலு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மனிதன் விண்வெளியில் நேரில் போய்வந்த தூரமெல்லாம் அந்த நாலு சென்டிமீட்டர்தான். அடுத்த விண்மீனான பிராக்சிமா செந்தாரி நம் அளவில் ஏறக்குறைய 4,000 கி.மீ. தள்ளி இருக்கும், சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போய்த் திரும்புகிற தூரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த இடத்தில் நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். சும்மா நில்லுங்கள்.

பூமி சூரியனுக்குக் கிட்டே வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்பது பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் நம்புகிற கதை. இதற்கும் படம்தான் காரணம். சாய்வாகப் பார்ப்பதுபோல வரைந்த சுற்றுப்பாதை முட்டை வடிவில் நீண்டு கிடக்கும். உண்மையில் பூமி ஜனவரி முதல் வாரத்தில் சூரியனிடமிருந்து 14.7 கோடி கி.மீ. தொலைவிலும், ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கிறது. நம் மைதானத்தில் இந்த வித்தியாசம் வெறும் அரை மீட்டர். கிட்டே வருவதும் மார்கழிக் குளிரில்தான். இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு, "அப்படியானால் கோடை எதனால்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

விடை மைதானத்தில் நடுகிற குச்சியில் இருக்கிறது. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, மாதம் ஒருமுறை உச்சிவேளையில் நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். கடிகாரத்தின் பன்னிரண்டு மணி உச்சி அல்ல. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் உச்சி 12.20-ஐ ஒட்டி வரும். டிசம்பர் கடைசியில் நிழல் வடக்கே 66 செ.மீ. நீண்டிருக்கும். அது மாதாமாதம் சுருங்கி, சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு நிழல் தெற்கே விழும்! ஜூன் 21-இல் தெற்கே 24 செ.மீ. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுபடி ஒரு நிழலில்லா நாள். சென்னையில் இந்த நாட்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி வரும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்தான் வெயில் விழும் கோணம் இப்படி மாறுகிறது; கோடைக்குக் காரணம் அந்தக் கோணம்தான், தூரம் அல்ல. சூரியன் தினமும் உச்சிக்கு வருகிறது என்று நாம் சொல்லிக்கொடுத்தது ஆண்டில் இரண்டே நாள்தான் உண்மை என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். உங்களையும் கொஞ்சம் கேலி செய்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் ஒன்று: சூரியனை யாரும் நேரே பார்க்கக் கூடாது, நிழலைத்தான் பார்க்க வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

ஒரு கெட்டிக்காரப் பிள்ளை இப்படியும் கேட்கலாம்: "உத்தராயணம் தை மாதம் பிறக்கிறது என்று தாத்தா சொல்கிறார். நிழல் டிசம்பரிலேயே திரும்பிவிட்டதே?" தாத்தாவை விட்டுக்கொடுக்க வேண்டாம். வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோலப் பூமியின் அச்சும் மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு 26,000 ஆண்டு பிடிக்கும். பஞ்சாங்கக் கணக்குக்கும் வானத்துக்கும் நடுவே நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்த பாக்கிதான் அந்த மூன்று வாரம்.

நிலா தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழல் விழுவதால் என்று எழுதாத பிள்ளையை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். இதை மாற்ற நான் செய்த உருப்படியான காரியம் ஓர் எலுமிச்சைதான். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் காலை வழிபாட்டு நேரத்தில் அரை நிலா மேற்கு வானத்தில் வெளிறித் தெரியும். "பகலில் நிலாவா?" என்று பாதிப் பேர் அதற்கே வாயைப் பிளப்பார்கள். கிழக்கே வெயில் அடிக்கிறது. எலுமிச்சையை விரல் நுனியில் பிடித்து, கையை நிலாவை நோக்கி நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் அது தெரியும்படி வைத்து ஒற்றைக்கண்ணால் பாருங்கள். நிலாவில் எந்தப் பக்கம் வெளிச்சமோ, அதே பக்கம், அதே அரையளவு எலுமிச்சையிலும் வெளிச்சம் இருக்கும். இருட்டுப் பக்கம் எலுமிச்சையின் சொந்த முதுகு. பூமியின் நிழல் அங்கே எப்படி வரும், சூரியன்தான் நம் முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று இருக்கிறதே? ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் பிடித்துக் காட்டினால் பயனில்லை. உங்கள் கண் இருக்கும் இடத்தில் அவர்கள் கண் இல்லை.

அடுத்தது விசை. இங்கே பிள்ளைகளோடு மட்டுமல்ல, நம் மொழியோடும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். வீட்டில் பிள்ளை கேட்கும் விசை எது? விசைத்தறி, விசைப்படகு. அங்கெல்லாம் விசை என்றால் மோட்டார், எஞ்சின். ஆகவே விசை என்பது ஒரு பொருளுக்குள் இருக்கும் சரக்கு என்று அது முடிவு கட்டிவிடுகிறது. சக்தி, பலம், தெம்பு எல்லாம் ஒரே பானையில் கொதிக்கின்றன. இதற்கு நான் செய்தது, ஒரு மாதத்துக்கு 'விசை' என்ற சொல்லையே எடுக்காமல் 'தள்ளு, இழு' என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டது. யார் தள்ளுகிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள், எந்தப் பக்கம்? இந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத இடத்தில் விசை இல்லை.

இணையத்தில் இலங்கை ஆசிரியர்களின் நல்ல தமிழ்ப் பாடங்கள் நிறைய உண்டு. பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாம் 'நிறை' என்பதை அவர்கள் 'திணிவு' என்பார்கள். நாம் 'எடை' என்பதற்கு அவர்கள் சொல்வது 'நிறை'. என் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படி ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு வந்து, நிறை நிலாவில் ஆறில் ஒரு பங்காகக் குறையும் என்று எழுதி, மதிப்பெண் போனது என்று அழுதாள். அவள் எழுதியது யாழ்ப்பாணத்தில் சரி.

"உதைத்த பந்து காற்றில் போய்க்கொண்டிருக்கும்போது அதைத் தள்ளுவது யார்?" இதுதான் என் ஊகக் கேள்வி. கிட்டத்தட்ட எல்லோரும், உதைத்தபோது கொடுத்த விசை பந்துக்குள் இருக்கிறது, அது தீர்ந்ததும் விழுகிறது என்றுதான் எழுதுவார்கள், வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல. சிரிக்காதீர்கள். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிதான் என்ற பேரறிஞர் ஏறக்குறைய இதே கொள்கையைத்தான் கட்டி எழுப்பினார். உங்கள் வகுப்பில் ஒரு புரிதான் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரம் போர்டுக்கு வருவோம். மாவு போடாத பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டச் சொல்லுங்கள். எதிர்ச் சுவரில் மோதிக் கொஞ்ச தூரம் திரும்பி நின்றுவிடும். போரிக் பவுடர் தூவிச் சுண்டினால் மூன்று, நான்கு முறை மோதித் திரும்பும். உடனே ஒருவன், "அவன் பலமாகச் சுண்டினான் சார், இது செல்லாது" என்பான். இந்தச் சண்டைக்காகத்தான் நீங்கள் காத்திருக்க வேண்டும். "அப்படியானால் இரண்டு முறையும் ஒரே அளவில் தள்ள என்ன வழி?" என்று பந்தை அவர்கள் பக்கமே தட்டிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் கால் மணி நேரம் கத்திவிட்டு ஒரு வழி கண்டார்கள். இரண்டு பேர் ரப்பர் பேண்டைப் பலகையின் ஓரத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றாமவன் ஸ்டிரைக்கரை அதில் வைத்து, பென்சில் கோடு வரைக்கும் மட்டும் பின்னே இழுத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைப்பது என்ற சோதனை ஒழுங்கை நான் எந்தப் பெயரும் சொல்லாமலே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அறிவியலில் அதைவிடப் பெரிய பாடம் தொடக்கப் பள்ளியில் இல்லை என்பது என் கருத்து. உராய்வு என்ற சொல்லை விட்டுவிட்டால்கூட எனக்குக் கவலை இல்லை.

பிறகு கேளுங்கள்: தள்ளியது ஒரே அளவு, ஆனால் மாவு போட்டதும் அதிக தூரம் போனது. இன்னும் வழவழப்பாக இருந்தால்? அதைவிட வழவழப்பாக? தடுக்கவே ஒன்றும் இல்லாவிட்டால்? "நிற்கவே நிற்காது சார்" என்று ஒருவன் தயங்கித் தயங்கிச் சொல்வான். கலிலியோ வந்து சேர்ந்த இடம் இது. அப்போது நெப்டியூன் டீக்கடையை நினைவுபடுத்தி, 1977-இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அதைத் தள்ள எஞ்சின் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் விநாடிக்கு ஏறக்குறைய 17 கி.மீ. வேகத்தில் இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது 2,500 கோடி கி.மீ. தொலைவில், நம் அளவில் கொடிக்கம்பத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர், பக்கத்து ஊர் எல்லையில் இருக்கிறது. பந்துக்குள் பெட்ரோல் இருக்கிறது என்றவன் இங்கே தலையைச் சொறிவான்.

கனமான பொருள்தான் வேகமாக விழும் என்ற தவறான நம்பிக்கையை அசைக்க ஒரு நோட்டும் அதைவிடச் சின்னதாக ஒரு காகிதத் துண்டும் போதும். தனித்தனியாகப் போட்டால் காகிதம் ஆடி ஆடி வரும். காகிதத்தை நோட்டின் மேல் வைத்துப் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டதுபோல விழும். "நோட்டு அதை இழுத்துக்கொண்டு போகிறது" என்பார்கள். காகிதத்தைக் கசக்கி உருட்டித் தனியாகப் போடச் சொல்லுங்கள். 1971-இல் அப்பல்லோ 15-இல் போன டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் சேர்த்துப் போட்டுக் காட்டியதை இதற்குப் பிறகு சொன்னால் இனிக்கும். முன்னால் சொன்னால் அதுவும் ஒரு பொது அறிவுக் கேள்வி ஆகிவிடும்.

சூழ்நிலை மண்டலம் சுலபமான பாடம் என்று நினைத்துத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். புல், மான், புலி என்று கரும்பலகையில் எழுதி அம்புக்குறி போட்டால் முடிந்தது. பிள்ளைகளை வரையச் சொல்லிப் பாருங்கள், அம்பு தலைகீழாக இருக்கும். தமிழில் நாம் 'பாம்பு தவளையைத் தின்கிறது' என்கிறோம். செயல் பாம்பிலிருந்து தவளைக்குப் போகிறது, ஆகவே அம்பும் அப்படிப் போகிறது. அவர்களைப் பொறுத்தவரை அது சரியான இலக்கணம். அம்பு 'தின்கிறது' என்று சொல்லவில்லை, 'இது அதன் வயிற்றுக்குள் போகிறது' என்று சொல்கிறது. இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், அதற்கப்புறம் தவறு வராது.

புலி வேண்டாம். சணல் கயிற்றைக் கட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடுங்கள், மழை பெய்து நாலு நாள் ஆன பிறகு, மைதானத்தின் ஓரத்தில், சுவர் நிழல் விழும் இடமாகப் பார்த்து. நாலு பேருக்கு ஒரு சதுரம். கால் மணி நேரம் குப்புறப் படுத்துப் பார்க்க வேண்டும், பேசக் கூடாது, எதையும் பிடுங்கக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் "ஒண்ணுமில்லை சார், புல்லுதான்" என்பார்கள். பத்தாவது நிமிடத்தில்தான் மண் கண்ணுக்குப் பழகும். எறும்பு ஒன்று செத்த வண்டின் காலை இழுத்துப் போகும். மணலில் புனல்போலக் குழி பறித்து அடியில் காத்திருக்கும் குழிநரிப் பூச்சி தெரியும். மழைக்குப் பிறகு வரும் சிவப்பு வெல்வெட் பூச்சி மெத்து மெத்தென்று நடக்கும். மக்கிய இலையைப் புரட்டினால் வெள்ளை நூல்போலப் பூஞ்சை. எங்கள் பிள்ளைகள் ஒரு சதுரத்தில் இருபத்து மூன்று வகை எண்ணினார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் தெரியாது, எனக்கும் தெரியாது. 'முதுகில் புள்ளி உள்ளது', 'தாவுவது' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு யார் யாரைத் தின்கிறார்கள் என்று கோடு போடச் சொன்னால் சங்கிலி வராது, சிக்கெடுக்க முடியாத வலைதான் வரும். அதுதான் வர வேண்டும்.

செடி எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டால் மண்ணை என்று எழுதுவார்கள். உரம் போடுகிற வீட்டுப் பிள்ளைகள், வேறு எப்படி எழுதுவார்கள்? பெல்ஜியத்துக்காரரான வான் ஹெல்மோன்ட் பதினேழாம் நூற்றாண்டில் செய்ததைக் கதையாகச் சொல்லுங்கள். ஏறக்குறைய 90 கிலோ காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, இரண்டு கிலோவுக்குச் சற்று மேலான வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்தாண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோ ஆனது. மண் குறைந்தது ஐம்பது, அறுபது கிராம்தான். "அப்படியானால் அந்த எழுபத்து நாலு கிலோ எங்கிருந்து வந்தது?" தண்ணீரிலிருந்து என்று அவர் முடிவு செய்தார். அதுவும் பாதிதான் சரி, காற்றை மறந்துவிட்டார். பெரியவர்களும் பாதி சரியாகச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள் என்பதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் கண்மாய் இருக்கிறதே. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு அது உரம். இதனால் ஊரார் பறவைகளைக் காத்தார்கள். 1798-இலேயே அன்றைய கலெக்டரிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. மீன், பறவை, எச்சம், நெல், மனிதன், பட்டாசு எல்லாம் ஒரே வலையில் வருகின்றன. புத்தகப் படத்தில் மனிதன் எங்கே நிற்கிறான், பார்த்தீர்களா? பெரும்பாலும் படத்துக்கு வெளியே.

"ஒன்று இல்லாமல் போனால் என்ன ஆகும்?" என்பதற்குத் தவளையை நீக்கிக் கற்பனை செய்வதைவிட நடந்ததைச் சொல்வது நல்லது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. கால்நடைக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. மருந்து கொடுத்தவர் மாட்டுக்கு நல்லது செய்யத்தான் கொடுத்தார். வீட்டில் தாத்தா பாட்டியிடம், வானத்தில் வட்டமிட்ட பிணந்தின்னிக் கழுகைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பு தானாக நடக்கும்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாடங்களைப் புத்தக வரிசையில் நடத்தாமல் வானத்தையும் மழையையும் பார்த்து நடத்துங்கள், பாதி நேரம் மிச்சம். ஜூனில் பள்ளி திறந்த வாரமே குச்சியை நட்டுவிடுங்கள். உச்சிவேளை நிழல் தெற்கே விழும் அதிசயம் அப்போதுதான் கிடைக்கும். நிழலில்லா நாளுக்கு ஏப்ரலை நம்பாதீர்கள், தேர்வு நெருக்கும், ஆகஸ்டைப் பிடியுங்கள். சதுரக் கயிறு ஐப்பசி மழைக்கு. மழை விடாமல் அடித்து வெளியே போக முடியாத நாளுக்குக் காரம் போர்டு. மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டியதை மாதக் கடைசியில் இரண்டு நாள் எழுதிப் பழகினால் போதும். புரிந்த பிள்ளைக்கு மனப்பாடம் சீக்கிரம் ஏறும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி, பிள்ளைகள் ஏன் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டால், அவரையும் ஒரு சதுரத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நான் சொன்னேன். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

நிலாவுக்கு மட்டும் மாதம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் இருக்கும். அடுத்த தேய்பிறை அஷ்டமி என்றைக்கு, அது பள்ளி நாளா என்று பாருங்கள். முதல் நாள் மாலையே எலுமிச்சை வாங்கி வைத்துவிடுங்கள், ஆளுக்கொன்று கொடுக்க முடியாவிட்டாலும் பத்துப் பழமாவது. சின்னதாகப் பொறுக்கி எடுங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் விரல் நுனியில் நிற்க வேண்டும்.